ஸ்டேஷன் கேமரா பதிவு அழிவதற்குள் கொடுக்க வேண்டிய கடிதம்

வீட்டில் ஒருவரை "சும்மா ஒரு விசாரணை, காலையில அனுப்பிடுவோம்" என்று சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால், அன்று இரவே வக்கீலைத் தேடுவார்கள், கட்சிக்காரரைத் தேடுவார்கள், சொந்தத்தில் ஏட்டு யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஸ்டேஷனின் கேமராப் பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கிரிமினல் வழக்கு நடத்துகிற எனக்கு, மருத்துவச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு எல்லாமே தாமதமாகவாவது கிடைத்திருக்கின்றன. கேமராப் பதிவு மட்டும் போனால் போனதுதான். அதனால்தான் இந்த ஒரு வேலையை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

எவ்வளவு சீக்கிரம் அழியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரத் தரத்தில், நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி இடத்தைத் தின்னும். நான்கு கேமரா என்றால் 86 ஜிபி. 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் போட்டிருந்தால் பதினோரு, பன்னிரண்டு நாளில் நிறைந்துவிடும். நிறைந்ததும் பதிவுப் பெட்டி (டிவிஆர்) நிற்காது. பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். யாரும் எதையும் 'டெலீட்' பண்ண வேண்டியதில்லை. நாம் பேசாமல் இருந்தாலே அது அழிந்துவிடும். ஜாமீன் வாங்கி, ஆளை வெளியே கொண்டு வந்து, உடம்பைத் தேற்றி, "அப்புறம் அந்த கேமரா விஷயம்…" என்று குடும்பம் என்னிடம் ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு நாள் தாண்டியிருக்கும்.

சாத்தான்குளத்தில் நடந்தது இதைவிட மோசம். 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் அந்த ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலையில் அப்பா. விசாரணைக்குப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்), ஹார்டு டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததைக் கண்டு உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். சம்பவ நாளின் காட்சி கிடைக்கவில்லை. அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைத் துணிந்து சொன்னார். கேமரா சொல்லியிருக்க வேண்டியதை ஒரு பெண் தன் வேலையையும் நிம்மதியையும் பணயம் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லா ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி நாம் சும்மா இருக்க முடியாது.

கடிதம் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை? அதே 2020-இல், டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி எதிர் பல்ஜித் சிங் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாட்டிலுள்ள ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும். உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு இடம், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம், ஸ்டேஷனின் பின்பக்கம் என்று எந்தெந்த இடம் என்றும் எழுதிக் கொடுத்தது. படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சேமிக்கும் கருவி கிடைக்காவிட்டால்கூட ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பதும் பதிவைக் காப்பதும் நிலையப் பொறுப்பாளரின் வேலை. மனித உரிமை மீறல் நடந்திருந்தால் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்பதையும், எங்கே புகார் செய்யலாம் என்பதையும் வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

உத்தரவு நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே, காவல் நிலையங்களில் கேமரா வேலை செய்யாதது பற்றி வந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆனாலும் உத்தரவு உயிரோடு இருக்கிறது. அதைச் சுட்டி ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், பிறகு பதிவு காணாமல் போவதற்கு ஒருவர் பெயர் சொல்லிப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதம் எழுதும் முன் நேரத்தைக் குறித்து வையுங்கள்

எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, எந்த வண்டியில், யூனிஃபார்மிலா மஃப்டியிலா, சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா, ஸ்டேஷனுக்குள் எத்தனை மணிக்குப் போனார்கள். இவ்வளவும் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள். நினைவில் இருக்கிறது என்று விட்டால் ஒரு வாரத்தில் ஆறு மணி எட்டு மணியாகிவிடும்.

என்னிடம் வழக்குக்காக வந்த ஒருவரின் அப்பா பனையேறி. வாட்ச் கட்டும் பழக்கமே இல்லாதவர். மகனை உள்ளே கூட்டிப் போனதும் ஸ்டேஷன் எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். "எத்தனை மணி இருக்கும் ஐயா?" என்று கேட்டேன். "இருட்டிருச்சும்மா, அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். கூட வந்த மருமகன் செல்போனை எடுத்தார். டீக்கு அவர்தான் ஜிபேயில் காசு போட்டிருக்கிறார். இருபது ரூபாய், இரவு 7.52. கடைப் பெயரும் இருந்தது. இரவு பத்து மணிக்குத்தான் ஆளைப் பிடித்தோம் என்று எழுதியிருந்த கைதுக் குறிப்பை அந்த இருபது ரூபாய் கேள்விக்குள்ளாக்கியது. அதிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது: ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தால் எதிர்க்கடையில் எதையாவது வாங்கி ஆன்லைனில் காசு கொடுங்கள். வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் போனே நேரத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும்.

அந்த டீக்கடை, பக்கத்து மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் இவற்றில் கேமரா இருந்தால் அதன் உரிமையாளரிடமும் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, வாசப்பக்கம் உள்ள கேமராவுல நேத்து சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டு நீங்களே வெச்சிருங்க, கோர்ட்டு கேட்டா குடுங்க" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். நகலை நீங்கள் வாங்கிக்கொள்வதைவிட அவரிடமே இருப்பது நல்லது. கடையின் டிவிஆர் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதையும் உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். பத்து நிமிட வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சியைக் கவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடிதம்

இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். கையால் எழுதினாலும் போதும்.

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், ………… காவல் நிலையம்.
பொருள்: கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கக் கோருதல்.
ஐயா, என் தம்பி ………… (வயது …) என்பவரை ………… தேதி மாலை … மணியளவில் ………… என்ற இடத்திலிருந்து தங்கள் நிலையக் காவலர்கள் விசாரணைக்காக அழைத்து வந்துள்ளனர். அன்று மாலை … மணி முதல் அவர் நிலையத்தைவிட்டு வெளியே செல்லும் நேரம் வரை, நிலைய வாசல், வரவேற்பு இடம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, லாக்கப், தாழ்வாரம், பின்புறம் உள்ளிட்ட எல்லாக் கேமராக்களின் ஒளி, ஒலிப் பதிவுகளையும் அழியாமலும் மேல் பதிவு ஆகாமலும் தனியே எடுத்துப் பாதுகாத்து வைக்குமாறு, உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2.12.2020 அன்று பிறப்பித்த உத்தரவின்படி கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் கேமரா வேலை செய்யவில்லை என்றால், எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை, அது பற்றி யாருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

கீழே பெயர், முகவரி, போன் எண், தேதி, நேரம். அவ்வளவுதான்.

இதில் நகல் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நாளே நகல் கேட்டால் "அதெல்லாம் தர முடியாது, கோர்ட்டுக்குப் போங்க" என்று பேச்சு முடிந்துவிடும். அழிக்காதே என்று கேட்டால் மறுக்க அவர்களிடம் காரணம் இல்லை. அதுபோல, அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று எதையும் இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். உள்ளே இருப்பவரின் நிலை உங்களுக்கு இன்னும் தெரியாது. குற்றச்சாட்டு இருந்தால் அது தனி மனுவாகப் போகட்டும்.

கொடுப்பது எப்படி

நேரில் போகும்போது இரண்டு பேராகப் போங்கள். வாசலில் பாரா (காவல்) நிற்கிறவரிடம், "சார், இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு ஒரு மனு, ரைட்டரைப் பார்க்கணும்" என்றால் உள்ளே விடுவார். மனுவை வாங்கிக்கொண்டால் மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நகலில் தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். சண்டை போட்டால் பணி செய்யவிடாமல் தடுத்ததாக உங்கள் மேலேயே ஒரு வழக்கு வரும். உள்ளே ஒருவர் இருக்கும்போது வெளியே இன்னொருவரை இழக்கக் கூடாது. வெளியே வந்து அதே கடிதத்தைப் படம் எடுத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. கலெக்டருக்கும் ஒன்று போக வேண்டும், ஏனென்றால் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அவரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். மறுநாள் காலை தபால் நிலையம் திறந்ததும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். 2025-இல் பதிவுத் தபால் அதோடு சேர்ந்துவிட்டது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். கைதானவருக்கு வக்கீல் கேட்பது சலுகை இல்லை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 38-ஆம் பிரிவே தருகிறது. கைது என்றால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். முதல் இரண்டும் 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பிலிருந்தே நிலைத்து நிற்பவை; 24 மணி நேரக் கெடு அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சாட்சி விசாரணைக்குத்தான் கூப்பிடுகிறோம் என்றால், பெண்களையும் 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, வீட்டில் வந்து கேட்க வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு.

நடுவர் முன் நிறுத்தும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும். இதை முடிந்தால் உள்ளே இருப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "அடிச்சாங்களா?" என்று நடுவர் கேட்கும்போது பின்னால் நிற்கிற காவலரைத் திரும்பிப் பார்த்துவிட்டு "இல்லைங்க" என்று சொன்னவர்கள் பலர். காயம் இருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) காயம் எப்படி ஏற்பட்டது என்ற வரியில் "போலீஸார் தாக்கியதாகக் கூறுகிறார்" என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா, "கீழே விழுந்ததாக" என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

நகலை எங்கே கேட்பது

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். சாதாரண மனுவுக்கு 30 நாள் கெடு. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொல்கிறது. மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள். விசாரணைக்கு இடைஞ்சல் என்று மறுத்துப் பதில் வரலாம். வந்தாலும் நல்லதுதான், பதிவு இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. ஆனால் தகவல் உரிமை மனுவை மட்டும் நம்பி இருக்காதீர்கள், முப்பது நாளுக்குள் ஹார்டு டிஸ்க் இரண்டு சுற்று சுற்றிவிடும்.

உறுதியான வழி நீதிமன்றம். நடுவர் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-ஆம் பிரிவில் மனுப்போட்டு பதிவை வரவழைக்கலாம். உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். மாநில மனித உரிமை ஆணையம் பதிவைக் கேட்டு வாங்கலாம் என்று சைனி தீர்ப்பிலேயே இருக்கிறது; சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தில் வந்த புகார் ஆணையமும் இருக்கிறது. ஆனால் அதற்கு மாநில அளவில் உள்துறைச் செயலாளரும் மாவட்ட அளவில் கலெக்டரும் தலைவர்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓய்வுபெற்ற நீதிபதிகளை. அரசின் மேல் வருகிற புகாரை அரசு அதிகாரியே விசாரிக்கும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனுவின் நகல் ஒன்று அங்கே போகட்டும், அதோடு சரி.

பதிவு கையில் வந்தால் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63(4)-இன்படி எந்தக் கருவியில் எடுத்தது, பொறுப்பாளர் யார், கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்று எழுதிய சான்று வேண்டும். ஹாஷ் மதிப்பு என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண்ணும் எழுத்தும் கலந்த வரிசை. ஒரே ஒரு நொடியை வெட்டினாலும் அது முழுக்க மாறிவிடும். அப்புறம், அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்ற விடவே கூடாது. வேறு வழக்கில் வந்த பெண்கள், குழந்தைகள் முகம் அதில் இருக்கும்.

கேமரா இல்லாத இடத்தில் அடித்தால்? 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படை அடித்தது ஸ்டேஷன் லாக்கப்பில் வைத்து இல்லை. கோயிலுக்குப் பின்னால் நடந்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்ததால்தான் வெளியே வந்தது. ஸ்டேஷனில் கேமரா வந்தபிறகு அடி வெளியே போகிறது என்பது என் பயம். அதனால் ஆளை ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுபோனார்களா என்பதை அரை மணி நேரத்தில் உறுதி செய்யுங்கள். அங்கே இல்லையென்றால் உடனே 100-க்கு அழைத்துப் பெயர், இடம், நேரம் சொல்லுங்கள்; கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்பும் பதிவாகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கைதானவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

காவலர் பயிற்சி மாணவர்களுக்குச் சட்ட வகுப்பு எடுக்க எப்போதாவது கூப்பிடுவார்கள். காலையில் கவாத்து முடித்துக் களைத்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். டி.கே. பாசு கட்டளைகளைத் தேர்வுக்காக மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அடிக்காமல் ஒருவரிடம் உண்மையை வாங்குவது எப்படி, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, பொய்யை எந்தத் தகவலோடு வைத்து மடக்குவது என்று யாரும் உட்கார்ந்து பழக்கிவிட்டதாகத் தெரியவில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று படித்தவர்கள்தான் அதை வாங்குவதற்காக லத்தியை எடுக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து கேட்டான்: "மேடம், மேலதிகாரி அடிக்கச் சொன்னா நாங்க என்ன பண்றது?" நான் சொன்னேன்: "தம்பி, கேமரா இருக்கிற இடத்தில் நின்னு 'முடியாது சார்'னு சொல்லு. ஜி.டி.யில், அதாவது ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில், எழுத முடிந்தால் எழுது. நாளைக்கு உன்னைக் காப்பாத்தப்போறதும் அந்தப் பதிவுதான்." அடிக்காத காவலருக்கும் பொய்ப் புகாரிலிருந்து தப்பிக்க அதே ஹார்டு டிஸ்க்தான் துணை. இதைப் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தால் ஸ்டேஷனில் கேமராவைத் துணி போட்டு மூடுகிறவர்கள் குறைவார்கள்.

கடைசியாக, "கேமரா ரிப்பேர்" என்று எழுத்தில் பதில் வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அதோடு விடாதீர்கள். பழுதானதை மாவட்டக் குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டியது நிலையப் பொறுப்பாளரின் கடமை. அந்தத் தகவல் போன கடிதத்தின் நகல், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கடைசியாக வந்து பார்த்த தேதி, பழுது நீக்கிய பில், அதே வாரத்தில் வேறு வழக்குக்காக அந்த ஸ்டேஷனிலிருந்து பதிவு எடுக்கப்பட்டதா என்ற விவரம், இந்த நான்கையும் தனித்தனிக் கேள்வியாகத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். நடுவர் முன் மனு நிலுவையில் இருந்தால், ஹார்டு டிஸ்க்கையே கைப்பற்றித் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மேல் பதிவு ஆகாமல் வெறுமனே அழித்திருந்தால் பதிவை மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் பெட்டி ஓட ஓட அந்த வாய்ப்பும் குறையும் என்பதால், கேமராவை நிறுத்தாமல் வேறு டிஸ்க் போட்டுப் பழையதை சீல் வைக்கச் சொல்லும் ஒரு வரியையும் அந்த மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.